தரவுத்தளப் படிவங்களில் மின்னஞ்சல் முகவரிச் சரிபார்ப்பும் தமிழ் எழுத்து முகவரிகளும்

ஆய்வுச்சுருக்கம்

தரவுத்தளப் படிவங்களில் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் விதிகள் பலவும், முகவரி ஆங்கில எழுத்துகளால் மட்டுமே அமையும் என்னும் எண்ணத்தில் எழுந்தவை. அவ்விதிகள் தமிழ் எழுத்து முகவரிகளை எவ்வாறு விலக்குகின்றன என்பதையும் அதனைத் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல் முகவரி, தரவுத்தளம், சரிபார்ப்பு விதி, ஒருங்குறி, புள்ளி.

முன்னுரை

உதவித்தொகைக்கோ பணிக்கோ விண்ணப்பிப்பவரை நிறுவனத்தோடு இணைப்பது பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியே. தவறான முகவரி பதிவானால் அறிவிப்பு உரியவரைச் சேராது. சரியான முகவரியைப் படிவம் மறுத்தால் அவரால் விண்ணப்பிக்கவே இயலாது. முதற்பிழை, திரும்பிவரும் அஞ்சலால் பெரும்பாலும் தெரியவரும். இரண்டாம் பிழைக்குத் தடயமே இல்லை. மறுக்கப்பட்டவர் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

முகவரியின் அமைப்பு

முகவரியில் @ குறிக்கு முன் பயனர் பகுதியும் பின் களப்பெயரும் அமையும். 2008இல் வெளியான ஆர்.எப்.சி. 5321 பயனர் பகுதிக்கு 64 பைட்டுகளையும் களப்பெயருக்கு 255 பைட்டுகளையும் மேல்வரம்பாக வகுத்தது. 2012இல் வெளியான ஆர்.எப்.சி. 6530, 6531, 6532 ஆகியன பயனர் பகுதியிலும் பிறமொழி எழுத்துகள் வர வழிவகுத்தன. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியன தமிழில் அமைந்த மேல்நிலைக் களப்பெயர்கள். எனவே, பெயர்@உதாரணம்.இந்தியா என்பது இலக்கணம் வழுவாத முகவரி வடிவமே.

விதிகள் பிழைபடும் இடங்கள்

1. இறுதிப் பகுதி: களப்பெயரின் இறுதியில் இரண்டு முதல் நான்கு ஆங்கில எழுத்துகளே வரும் எனப் பழைய விதிகள் கொண்டன. அருங்காட்சியகங்களுக்கென 2001இல் பயன்பாட்டுக்கு வந்த ஆறெழுத்துக் களப்பெயரே இதனைப் பொய்யாக்கியது. தமிழ்க் களப்பெயர் இவ்விதியில் முற்றிலும் அடங்காது.

2. புள்ளியும் உயிர்க்குறியும்: எம்மொழி எழுத்தையும் ஏற்பதாக எழுதப்படும் விதிகளிலும் ஒரு குறை உண்டு. ஒருங்குறியில் 'க' எழுத்து வகையைச் சார்ந்தது. புள்ளியும் உயிர்க்குறிகளும் 'குறி' என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. எழுத்து வகையை மட்டும் ஏற்கும் விதி, 'தமிழ்' என்னும் சொல்லிலுள்ள இகரக் குறியிலேயே தடைப்படும். மெய்க்குரிய புள்ளியைத் தொல்காப்பியம் எழுத்திலக்கணத்தின் பகுதியாகவே பேசுகிறது என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

3. நீளம்: 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து; ஒருங்குறியில் ஐந்து குறியெண்கள்; யுடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள். ஆகவே 64 பைட்டுகளில் 21 தமிழ்க் குறியெண்களே அடங்கும். நீளத்தை எழுத்தெண்ணிக்கையால் அளக்கும் விதி இங்குத் தவறும்.

4. இருவகைக் குறியேற்றம்: 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், எகரக் குறி, கால் என இரு குறியெண்களாகவும் பதியலாம். தோற்றம் ஒன்றே, ஆயினும் பைட்டு வாரியாக ஒப்பிடும் தரவுத்தளம் அவற்றை இரு வேறு முகவரிகளாகக் கொள்ளும். ஒப்பிடுமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்வதே இதற்குத் தீர்வு.

சரிபார்ப்பு முறை

மைக்ரோசாப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தில் *?@?*.?* என்னும் எளிய தோரணத்தை விதியாக அமைக்கலாம். @ குறிக்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்தேனும், அதன்பின் ஒரு புள்ளியும், அதற்குப்பின் ஓர் எழுத்தேனும் இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகியவற்றை விலக்கும் நிபந்தனையையும் சேர்த்தால் அன்றாடத் தட்டச்சுப் பிழைகள் பல அகப்படும். இவ்விதி எந்த மொழியின் எழுத்து என்று வினவுவதில்லை. எனவே தமிழ் முகவரியும் தடையின்றி ஏற்கப்படும். புலமும் ஒருங்குறியைச் சேமிக்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தமிழெழுத்துகளுக்குப் பதிலாக வினாக்குறிகளே எஞ்சக்கூடும்.

எனினும், வடிவச் சோதனை முகவரி உண்மையில் உள்ளதா என்பதை மெய்ப்பிக்காது. 'மலர்' என்பதை 'மளர்' எனத் தட்டச்சு செய்தாலும் எந்த விதியும் தடுக்காது. உறுதிப்படுத்தும் இணைப்பைக் கொண்ட அஞ்சலை அனுப்பி, உரியவர் அதனைத் திறந்த பின்னரே முகவரியை உறுதியானதாகக் கொள்ளல் வேண்டும். அனுப்பும் வழங்கியும் தமிழ் முகவரிகளைக் கையாளும் திறனுடையதாக இருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

விதியைக் கடுமையாக்குவதால் தவறான முகவரிகள் முற்றும் நீங்குவதில்லை; சரியான முகவரிகள் சில நீங்குகின்றன. படிவத்தில் குறைவாகச் சோதித்து, அஞ்சலால் உறுதிசெய்வதே தக்க நெறி. படிவத்தை வடிவமைப்போர் தமிழ் முகவரி ஒன்றையும் மாதிரியாக உள்ளிட்டுச் சோதித்தல், மேற்கண்ட பிழைகளுட் பலவற்றைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்தும்.