கணிப்பொறிக்குள் காற்றோட்டம்

நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் என்று குறித்துள்ள நாள்கள் முடியும் தறுவாயில், நாகபுரி மக்கள் ‘நவதபா’ என்று வழங்கும் ஒன்பது நாள் வெப்பம் தொடங்கிவிடுகிறது. பிழைப்பின் நிமித்தம் இங்கு வந்து குடியேறிய நம்மவர் எவருக்கும் அந்நாள்களின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. சன்னலில் கூலரைப் பொருத்தி, குடம் குடமாக நீரூற்றி, ஒருவாறு பகலைக் கழித்துவிடுகிறோம். ஆனால் வீட்டின் மூலையில் இருந்துகொண்டு, வாய்விட்டுச் சொல்ல இயலாமல் வெந்து கொண்டிருக்கும் கணிப்பொறியைப் பற்றி நம்மில் பலர் நினைப்பதில்லை. நாமும் நினைத்தவர் அல்லோம். அதற்காக நாம் செலுத்திய அபராதத்தையும், அதன் வாயிலாகப் பெற்ற அறிவையும் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளியிறுதி வரை மட்டுமே படித்த ரயில்வே குமாஸ்தா எழுதுவது இது. பொறியியல் வல்லுநர்கள் பிழை பொறுப்பார்களாக.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சற்று முன்னர், 78 நாள் போனஸாக ரூ.17,951 நம் கைக்கு வந்தது. இல்லாள் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணத்தையும் அதனுடன் கூட்டி, நம்முடன் தங்கி டிப்ளமோ பயிலும் தம்பிக்குக் கணிப்பொறி ஒன்று அமைத்துக் கொடுப்பது என முடிவு செய்தோம். முழுதாகச் செய்ததை வாங்க வசதியில்லை. ஆகவே மதர்போர்டு, பிராசஸர், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எனத் தனித்தனியே வாங்கி வந்து, விடுமுறை நாளில் தம்பியும் நாமும் தரையில் பாய் விரித்து அமர்ந்து பூட்டினோம். பனிக்காலம் முழுவதும் அது குறையின்றி உழைத்தது.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சோதனை வந்தது. இறுதியாண்டுக்குரிய இயந்திர வரைபடங்களைத் தம்பி வரைந்து கொண்டிருந்தான். ஒப்படைக்க நான்கே நாள்கள் இருந்தன. நண்பகல் இரண்டு மணிக்குத் திரை திடீரென இருண்டது. காலை முதல் வரைந்ததைச் சேமிக்காமல் இருந்தான், அத்தனையும் போயிற்று. மாலையில் மறுபடியும் அவ்வாறே ஆயிற்று. பிராசஸர் தன்னைத்தானே காத்துக் கொள்ளும் முறை அது. பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கரிந்து போவதைக் காட்டிலும் அணைந்து போவது மேல் என்பது அதன் கணக்கு.

நாம் செய்ததோ அவசரக்காரன் வைத்தியம். முன்பு இருந்த இரண்டு விசிறிகள் போதா என்று கருதி, கடைத்தெருவுக்கு ஓடி மேலும் மூன்று வாங்கி வந்தோம். விசிறி என்றால் முகத்துக்கு வீசுவது என்பதே நாம் அறிந்தது. ஆதலின் ஐந்தும் உள்நோக்கி வீசுமாறு முடுக்கினோம். மதர்போர்டில் ஓர் இணைப்பு முனையே எட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்றைப் பலவாகக் கிளைக்கும் ஸ்பிளிட்டர் வயரைக் கொண்டு ஐந்தையும் அந்த ஒரே முனையில் மாட்டினோம். பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் கருகல் நாற்றம் எழுந்தது. ஐந்து விசிறிகளும் நின்றன. அந்த முனை அன்றோடு செயலிழந்தது. மதர்போர்டின் மற்றப் பகுதிகள் பிழைத்தது நம் முன்னோர் செய்த புண்ணியம்.

தம்பி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அன்றிரவே நண்பன் வீட்டுக்குச் சென்று, இழந்த படங்களை இரண்டு இரவு கண்விழித்து மீண்டும் வரைந்து, குறித்த நாளில் ஒப்படைத்தான். நாம் திறந்து கிடந்த பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது அன்னையார் அருகில் வந்து பார்த்தார்.

“ஏ ஐயா, எல்லாம் உள்ளேயே வீசினால் சூடு எந்த வழியாக வெளியே போகும்? முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தினால் நம் ஊர் வீட்டில் காற்று வருமா?” என்றார்.

கணிப்பொறியைத் தொட்டும் அறியாதவர் அவர். எனினும் அந்த வினாவிலிருந்துதான் நாம் கற்கத் தொடங்கினோம்.

காற்றின் திசை

விசிறி ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள் உண்டு. இதழ்கள் தடையின்றித் தெரியும் முகத்தின் வழியே காற்று நுழையும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள முகத்தின் வழியே வெளியேறும். சிலவற்றில் சட்டத்தின் விளிம்பில் அம்புக்குறியும் இருக்கும். ஐயமிருப்பின் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் திசை விளங்கிவிடும்.

பெட்டியின் முன்புறத்தில் உள்ளவை குளிர்ந்த காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ளவை சூடான காற்றை வெளியேற்ற வேண்டும். உள்வரும் காற்று வெளியேறுவதினும் சற்று மிகுந்திருப்பது நலம். அப்போது பெட்டியின் இடுக்குகள் வழியே தூசி உறிஞ்சப்படாமல், வலை பொருத்திய முன்வாசல் வழியாகவே காற்று வரும். இன்று நம் பெட்டியில் முன்னே இரண்டு, பின்னே ஒன்று ஆக மூன்று விசிறிகளே உள்ளன. மூன்றும் 120 மில்லிமீட்டர் அளவின. எஞ்சிய இரண்டும் பரணில் உறங்குகின்றன.

மூன்று முனையும் நான்கு முனையும்

விசிறியின் இணைப்பானில் மூன்று துளைகளோ நான்கு துளைகளோ இருக்கும். முதலாவது தரை, இரண்டாவது 12 வோல்ட் மின்சாரம், மூன்றாவது விசிறி தன் வேகத்தைத் தெரிவிக்கும் வழி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளாக விசிறி அனுப்பும். மதர்போர்டு அவற்றை எண்ணி வேகத்தைக் கணக்கிடும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்புகள்.

நான்காவது முனை கட்டளைக்கு உரியது, பி.டபிள்யூ.எம். என்பார்கள். இம்முறையில் 12 வோல்ட் குறைவின்றி வந்து கொண்டே இருக்கும். நான்காம் வயரில் நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை ஏறி இறங்கும் சைகை ஒன்று செல்லும். ஒவ்வொரு முறையும் அது எத்துணைப் பங்கு நேரம் ஏறியிருக்கிறதோ அதற்கேற்ப விசிறியின் வேகம் அமையும். மூன்று முனை விசிறிக்கு இந்த வசதி இல்லை. அதன் வோல்டேஜைக் குறைத்தே வேகத்தைக் குறைக்க இயலும்.

மூன்று முனை விசிறியை நான்கு முனை இடத்தில் மாட்டலாம். பள்ளம் பார்த்து மாட்டினால் சரியாக அமரும். ஆனால் பயாஸில் அந்த முனையை ‘டி.சி.’ முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிடில் விசிறி எப்போதும் முழுவேகத்தில் இரைந்து கொண்டிருக்கும். வயர்களின் நிறத்தை நம்பி வெட்டி ஒட்டுதல் கூடாது. மூன்று வயர் விசிறிகள் பலவற்றில் மஞ்சள் நிறம் வேகச் சைகையைக் குறிக்கும். நான்கு வயர் விசிறிகள் பலவற்றில் அதே மஞ்சள் 12 வோல்ட்டைக் குறிக்கும்.

பிராசஸரின் மேல் அமர்ந்த விசிறியை அதற்கென்றே குறித்த முனையில்தான் மாட்ட வேண்டும். அம்முனையிலிருந்து வேகச் செய்தி வராவிடில் பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

ஆம்பியர் கணக்கு

நம்மை வீழ்த்தியது இதுவே. சாதாரண விசிறி முனை ஒன்று பெரும்பாலும் 1 ஆம்பியர் வரையே தாங்கும். மதர்போர்டின் கையேட்டில் இது அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் ஒட்டிய சீட்டில் அதன் ஆம்பியர் அளவு இருக்கும். நம் விசிறிகள் ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர். ஐந்துக்கு 1.5 ஆம்பியர். எஞ்சின் இழுக்கக் கூடிய பாரத்துக்கு மேல் வாகன்களைப் பூட்டக் கூடாது என்பதை நாள்தோறும் காகிதத்தில் காணும் நாம், வீட்டில் அந்தக் கூட்டலைச் செய்யத் தவறினோம்.

ஸ்பிளிட்டர் வயரைப் பயன்படுத்துவது குற்றமன்று. கூட்டுத்தொகை எல்லைக்குள், அதுவும் சற்று இடம் விட்டு, இருக்க வேண்டும். நம்முடையவை போன்ற விசிறிகளாயின் ஒரு முனைக்கு இரண்டு போதும். அதற்கு மேற்பட்டால் ஃபேன் ஹப் என்னும் சிறு பலகையை வாங்குவதே தக்கது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் சாட்டா வயரில் நேரே மின்சாரம் பெறும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மதர்போர்டிலிருந்து அது கட்டளையை மட்டும் பெறும். பாரம் மதர்போர்டின் மேல் விழாது. இன்னொன்றும் நினைவிலிருத்துக. ஸ்பிளிட்டரிலும் ஹப்பிலும் ஒரு விசிறியின் வேகம் மட்டுமே மதர்போர்டுக்குத் தெரியவரும். மற்றவை நின்றுபோனால் நம் கண்ணும் காதுமே காவல்.

வேகத்துக்குக் கடிவாளம்

விசிறியை எந்நேரமும் முழுவேகத்தில் விரட்டுவதால் இரைச்சலும் தேய்மானமும் மிகும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று ஏறத்தாழப் பாதியாகும். விசிறியைச் சுழற்றத் தேவையான ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஓசையும் வெகுவாக அடங்கும். ஆகவே தேவையறிந்து ஓட்டுவதே சிக்கனம்.

பயாஸில் இதற்கான கோடு ஒன்று உண்டு. சூடு இவ்வளவானால் வேகம் இவ்வளவு என அதில் புள்ளி வைக்கலாம். நாம் வைத்திருப்பது இது: 40 டிகிரி வரை 30 விழுக்காடு, 60 டிகிரியில் 50, 75 டிகிரியில் 80, 85 டிகிரியில் 100. பிராசஸரின் சூடு நொடிக்கு நொடி துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் விசிறி கூவி அடங்குவது செவிக்கு நாராசம். எனவே சில நொடி பொறுத்து வேகத்தை மாற்றுமாறு காலதாமதம் அமைக்கும் இடமும் அங்கேயே இருக்கும், அதைப் பயன்படுத்துக. மிகக் குறைந்த வேகத்தில் விசிறி சுழலத் தொடங்குகிறதா என்பதையும் ஒருமுறை கண்ணால் கண்டு உறுதி செய்க.

விசிறியால் ஆகாதது

அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர்விக்க எந்த விசிறியாலும் இயலாது. அறை 20 டிகிரியாக இருக்கையில் 60 காட்டும் பிராசஸர், அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்தால், அறை 42 ஆகும்போது ஏறத்தாழ 82 காட்டும். பனிக்காலத்தில் நம் பிழை வெளிப்படாமல் இருந்ததன் மர்மம் இதுதான். ஆகையால் பெட்டியை மேசையின் அடியறையில் திணிக்காமல், சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வைத்து, பளுவான வேலைகளைக் காலையில் முடித்துக் கொள்வது நல்லது. கூலர் அறையைக் குளிர்விக்கட்டும்; ஆனால் அதன் ஈரக் காற்று நேரே பெட்டியின் மேல் படும்படி வைக்க வேண்டாம். ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் துருவுக்கும் மின்கசிவுக்கும் வழியாகும்.

மாதம் ஒரு முறை, மின்சாரத்தைத் துண்டித்துப் பிளக்கையும் கழற்றிய பிறகு, வலையைக் கழுவி நன்கு உலர்த்தி மாட்டுக. புளோயரால் தூசியை ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக் கொள்க. கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

நம் பெட்டியில் அந்த ஒரு முனை இன்றும் செத்தே கிடக்கிறது. இன்னொரு முனையிலிருந்து ஹப் வழியாக மூன்று விசிறிகளும் ஓடுகின்றன. அதற்கடுத்த வேனிலில் ஒரு நாளும் திரை இருளவில்லை. தம்பி இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையைச் சேமிக்கிறான். அதுவும் நாம் கற்பித்த பாடந்தான் என்று அவன் நகைப்பதுண்டு.

சங்கத்து இல்லங்களில் இவ்வாறு தாமே கணிப்பொறி பூட்டும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பெட்டி மூடுமுன் ஒருமுறை காட்ட விரும்புவோர் ஞாயிறு மாலைகளில் சங்க அறைக்குக் கொண்டு வரலாம். திருப்புளியும் காகிதத் துண்டுமாக நாம் அங்கிருப்போம். ஆம்பியர் கணக்கைக் கூட்டத் தம்பியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.