சுற்றுவது தலை, சொல்வது கண்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்கு ஏறத்தாழ 5,500 படிகள். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் பருவத்தில் இராத்திரி முழுக்க ஏறி, விடிந்ததும் இறங்கி வருகிறவர்களில் சிலர் அடிவாரத்துக் கடை வாங்கில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்வார்கள். "உயரம் ஒத்துக்கல" என்று பக்கத்திலிருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். உச்சியின் உயரம் 2,243 மீற்றர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். ஆகவே மலையின் மேல் பழி போடுவதற்கு முன் தூங்காத இரவையும், வெறும் வயிற்றையும், தண்ணீர் குடிக்க மறந்ததையும் விசாரிக்கவேண்டும். அவைதான் காரணமென்றால் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டதும் தலைச்சுற்று போய்விடும்.

போகாத தலைச்சுற்று வேறு கதை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் பித்தம், பிரஷர், இரத்தக்குறைவு என்று மூன்று பெயர்கள் தயாராக உண்டு. பிரஷரும் இரத்தக்குறைவும் உண்மையான காரணங்களே. ஆனால் அவை பெரும்பாலும் எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டவைக்கும். லயக் காம்பராவில் படுத்தபடி ஒரு பக்கம் புரண்டதும் கூரையே சுழன்றால், அது இரத்தத்தின் வேலையாக இருக்காது. காதின் வேலை.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, "எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்பதுதான் வைத்தியர்களின் பழைய வழக்கம். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இதே கேள்வியைச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேர் பதிலை மாற்றிச் சொன்னார்கள். 2007இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு வேறு இரண்டு கேள்விகளுக்கு மதிப்புக் கூடியது: எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதைச் செய்தால் வருகிறது?

இவற்றுக்கு வரும் பதிலே பாதி வழியைக் காட்டிவிடும். புரண்டால், குனிந்தால், அண்ணாந்து பார்த்தால் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் உட்காதின் துகள்கள். இருபது நிமிடம் முதல் சில மணித்தியாலம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறனும் குறைந்தால் மெனியே நோய். பிரெஞ்சு வைத்தியர் புரோஸ்பர் மெனியே 1861இல் இதை விவரித்தார். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலே சுற்றும் நாட்களும் உண்டு. நாட்கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பின் அழற்சி அல்லது மூளையில் பாரிசவாதம்.

இவற்றில் அடிக்கடி வருவதும் லேசில் தீர்வதும் துகள்தான். உட்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம், பஸ் புறப்படும்போது நின்றிருப்பவர் பின்னால் சாய்வதுபோல, பிந்தி நிற்கும். அந்தப் பிந்தலைக் கொண்டே மூளை திருப்பத்தை அளக்கிறது. பக்கத்து அறையொன்றில் சுண்ணாம்புக்கல்லின் அதே பொருளான கல்சியம் காபனேற்றால் ஆன நுண்பளிங்குகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவு. வயதாலோ தலையில் பட்ட அடியாலோ சில கழன்று குழாய்க்குள் விழுந்தால், புரளும்போது அவையும் உருளும், திரவத்தை இழுக்கும். அசையாமல் கிடக்கும் தலை சுழல்வதாக மூளை நம்பிவிடும். அரை நிமிடம்தானே என்று விடமுடியாது. செங்குத்துச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த அரை நிமிடம் போதும், விழுவதற்கு.

இந்த ஏமாற்று வேலையைக் காட்டிக்கொடுப்பது கண். தலை அசைந்ததும் ஒரு நொடியின் நூறிலொரு பங்குக்குள் காது கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. நடந்துகொண்டே கடைப் பலகையை வாசிக்க முடிவது அதனால்தான். காது பொய் சொன்னால் கண்ணும் சேர்ந்து துடிக்கும். இந்தத் துடிப்பை அளவுகோலாக்கியவர் வியன்னாவின் ரொபர்ட் பாரனி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது சிலருக்குத் தலை சுற்றியது. ஒருவர் தண்ணீர் குளிர்ந்திருப்பதாகக் குறைசொன்னார். சூடான தண்ணீர் விட்டபோதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்த்திசையில் துடித்தது! சூடும் குளிரும் காதின் திரவத்தை ஓடவைக்கின்றன என்று பாரனி ஊகித்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி எட்டியபோது அவர் ரஷ்யரிடம் போர்க்கைதியாக இருந்தார். 1983இல், சூட்டால் திரவம் அப்படி ஓட வழியில்லாத எடையற்ற விண்கலத்தில் இச்சோதனையைச் செய்தபோதும் கண் துடித்தது. அவருடைய விளக்கம் மட்டும் போதாது என்று தெரிந்தது. சோதனை இன்றும் நிற்கிறது.

படுக்கையில் புரண்டால் தலை சுற்றிய 27 வயதுப் பெண் ஒருவரை 1921இல் விவரித்தவரும் பாரனியே. 1952இல் டிக்ஸ், ஹோல்பைக் என்ற இரு வைத்தியர்கள் அதற்கொரு சோதனை வகுத்தார்கள். உட்கார்ந்திருப்பவரின் தலையை 45 பாகை பக்கவாட்டில் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் ஓரத்துக்கு வெளியே சற்றுத் தாழ்த்துவார்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கண்மணி கீழேயிருக்கும் காதை நோக்கித் திருகித் திருகித் துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஓயும். கோளாறு எந்தக் காதில் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதே கிடையிலிருந்து தலையை மறுபக்கம் திருப்பி, மூக்கு தரையைப் பார்க்கும்படி உருட்டி, எழுப்பி உட்காரவைத்தால் துகள்கள் பழைய அறைக்கே திரும்பும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்ட முறை இது. ஓரிரு தடவையில் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. கத்தியும் வேண்டாம், குளிசையும் வேண்டாம். முறை தெரிந்த வைத்தியரும் ஒரு கட்டிலும் போதும்.

விடாமல் சுற்றுகிறவருக்கும் கண்ணே சாட்சி. வைத்தியரின் மூக்கைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார்கள். காது நரம்பு பழுதானால் கண் தலையோடு சறுக்கிப்போய்த் துள்ளித் திரும்பும். சுற்றல் ஓயாத ஒருவருக்குக் கண் பிசகாமல் மூக்கிலேயே நின்றால்தான் ஆபத்து: காது சரியாக இருக்கிறது, கோளாறு மூளையில். 2009இல் 101 பேரிடம் நடந்த ஆய்வில், இது உள்ளிட்ட மூன்று கண் சோதனைகள் பாரிசவாதம் ஒன்றையும் தவறவிடவில்லை, முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 12 வீதத்தைத் தவறவிட்டது. ஸ்கேன் வசதி தூரத்தில் இருக்கும் மலைநாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்குமா?

எல்லாம் சரியென்று சொன்ன பிறகும் மாதக்கணக்கில் தள்ளாட்டம் தொடர்கிறவர்கள் உண்டு. முதல் தடவை பயந்த மூளை, காவலைத் தளர்த்த மறுக்கிறது. நிற்கும்போது, சனநெரிசலில், ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இது கூடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்நிலைக்கு 2017இல் பாரனியின் பெயர்கொண்ட சங்கம் வரைவிலக்கணம் வகுத்தது. இது மனப்பிரமை அல்ல. சமநிலைப் பயிற்சியால் குறையும். தலைச்சுற்றுக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தன்னைத் திருத்திக்கொள்வது பிந்தும்.

பேச்சுக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கைகால் சோர்ந்தால், பிடிமானமின்றி நிற்கவே முடியாவிட்டால் நேரம் பார்க்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். மற்றவர்கள் டிக்கோயாவுக்கோ மஸ்கெலியாவுக்கோ வைத்தியரிடம் போகுமுன் மூன்றைக் குறித்துக்கொண்டால் போதும்: எத்தனை நிமிடம் சுற்றுகிறது, எந்த அசைவில் வருகிறது, காதில் மாற்றம் உண்டா. கைத்தொலைபேசி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சுற்றும் நேரத்தில் கண்ணைத் திறந்திருக்கச் சொல்லி, வீட்டிலுள்ளவர் அதைப் படம்பிடித்துவிடட்டும். வைத்தியர் முன் உட்காரும்போது தலைச்சுற்று நின்றுபோயிருக்கும்; படத்தில் கண் துடித்துக்கொண்டிருக்கும்.