தழும்பு கரையும் ஈரல்

மஞ்சள் காமாலை என்றதும் நம் நெல்லியாளத்தில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவோம். சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அவர்களோடு சேர்ந்திருந்தார். கீழாநெல்லித் தூளை 30 நாட்கள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினர். ஆனால் பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்பலன் கிட்டவில்லை. நம் வேலியோரச் செடி தோற்றதே என்று எனக்கு வருத்தந்தான்.

என் பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இரத்தப் பரிசோதனையில் இக்கிருமி இருப்பது தெரிந்து, சில ஆண்டுகளாகத் தினம் ஒரு மாத்திரை உண்கிறார். "உடம்புக்கு ஒன்றுமில்லையே, இனி எதற்கு மாத்திரை? நீதான் படிக்கிற பிள்ளையாச்சே, சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் சிஸ்டரிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்ப்பதைப் போல, ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் வளர்ந்துவிடும் உறுப்பு ஈரல். ஆனால் கிருமியால் ஆண்டுக்கணக்கில் புண்பட்டுக்கொண்டே இருந்தால், அதிலுள்ள நட்சத்திர வடிவ உயிரணுக்கள் கொலாஜன் என்னும் நாரைச் சுரந்து தழும்பாக்கிவிடும். தழும்பு முற்றி ஈரல் முழுதும் முடிச்சு முடிச்சாக இறுகுவதே சிர்ரோசிஸ். இந்நிலை வந்தால் திரும்ப வழியில்லை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது.

அந்த நம்பிக்கையை மாற்றியது ஊசியால் எடுத்த ஈரல் துணுக்குத்தான். டெனோஃபோவிர் மாத்திரையை 5 ஆண்டுகள் உண்ட 348 பேரின் ஈரல் திசுவை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 304 பேரின் திசு தேறியிருந்தது. 176 பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. தொடக்கத்தில் சிர்ரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு இப்போது அது இல்லை! கிருமி அடங்கியதும் நார் சுரக்கும் அணுக்கள் ஓய்ந்துவிட, உடலின் நொதிகளே பழைய நாரைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. எஞ்சிய 25 பேருக்கு ஏன் கரையவில்லை? உடல் எடை மிகுந்தவர்களுக்குப் பலன் குறைவு என்று அவ்வாய்வே கூறுகிறது.

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். மாத்திரை கிருமியை அடக்குகிறதே தவிர, வேரோடு அழிப்பதில்லை. ஈரல் அணுக்களின் உட்கருவில் அதன் மூலப்படி ஒளிந்திருக்கிறது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினால் கிருமி பெருகி, ஆறிய ஈரல் மீண்டும் புண்படும். ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையுமேயன்றி அடியோடு நீங்காது. ஆகையால் ஸ்கேன் பரிசோதனையும் தேவை.

இக்கிருமி ஒரே தட்டில் உண்பதால் பரவாது. இரத்தத்தாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடும் தடுப்பூசி குழந்தையைக் காக்கும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் மாத்திரை இலவசம்.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியம்மா, "அப்போ என் ஈரலில் தழும்பு இருக்கா, இல்லையா?" என்றார். ஊசி குத்தாமலே ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவி உண்டு என்றேன். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேட்க வேண்டுமாம். நானும் உடன் வரவேண்டுமாம்.