தன்னை முதலில் அளக்கும் கருவி

தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடி ஆன்டெனாக்கள் பலவற்றில், ஒயர் வந்து சேரும் இடத்தில், வளைத்து மூடிய நீள்வளையம் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 0 ஓம் காட்டும். ஷார்ட் என்று தூக்கிப் போடத் தோன்றும். ஆனால் அதே வளையம், தனியாக நிறுத்தினால், உரிய அலைவரிசையில் சுமார் 300 ஓம் இம்பீடன்ஸ் கொண்டது. அலைநீளம் கம்பியின் நீளத்தை நெருங்கிவிட்டால் மல்டிமீட்டரின் பேச்சு எடுபடாது. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பியது, எந்தக் கட்டத்தில் திரும்பியது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது வெக்டர் நெட்வொர்க் அனலைசர்; சுருக்கமாக வி.என்.ஏ. ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் 1967இல் 8410 என்ற மாடலையும், 1984இல் 8510ஐயும் கொண்டுவந்தது. பின்னது, அளவீட்டில் புகும் பிழையை உடனுக்குடன் கணக்கிட்டு நீக்கியது. என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால், அளக்க நாம் மாட்டும் கேபிளே அலையைத் தாமதப்படுத்தும், கொஞ்சம் விழுங்கும். கனெக்டர் கொஞ்சம் திருப்பியனுப்பும். அதனால் ஆன்டெனாவை மாட்டும் முன் கேபிள் முனையில் மூன்று சின்ன மூடிகளை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். ‘ஓபன்’ அலையை அப்படியே திருப்பும். ‘ஷார்ட்’ தலைகீழாக்கித் திருப்பும். 50 ஓம் ‘லோடு’ எதையும் திருப்பாது. விடை முன்பே தெரிந்த மூன்று கேள்விகள். வந்த விடைக்கும் வரவேண்டிய விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவியின் சொந்தப் பிழை. இனி எல்லா அளவிலும் அதைக் கழித்துவிடும். திரையில், பிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட வட்ட வரைபடத்தில், ஓபன் வலக்கோடியிலும் ஷார்ட் இடக்கோடியிலும் லோடு நட்டநடுவிலும் புள்ளியாக நின்றால் வேலை சரி. கேபிளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

8510 மேசையை அடைத்துக்கொள்ளும் ஆய்வகச் சாமான். 2019 வாக்கில் பரவிய நானோவிஎன்ஏ உள்ளங்கையில் அடங்கும். துல்லியத்தில் அதற்கு ஈடாகாதுதான், ஆனால் ஹாம் வானொலிக்காரர்களுக்கு அது போதும். 145 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த டைபோல் ஆன்டெனாவில், திரும்பும் அலை மிகக் குறையும் பள்ளம் திரையில் 138இல் விழுந்தால், கம்பி நீளம் அதிகம் என்று அர்த்தம். ஆன்டெனாவின் இரு கையிலும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க, பள்ளம் வலப்பக்கம் நகரும். பக்கத்தில் நின்றால் நம் உடலும் அளவில் சேர்ந்துவிடும். தள்ளி நிற்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை மட்டும் தப்பித்தவறியும் இதன் போர்ட்டில் செருகக் கூடாது. 5 வாட் வாக்கிடாக்கியே அதைப் பொசுக்கிவிடும்.