உங்களுக்குத் தெரியுமா? தலை கவிழும் காட்டு வெங்காயம்

வட அமெரிக்காவின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் மனிதர் நடாமலே வளர்ந்து வருவதும், 1798-ஆம் ஆண்டில் ஆல்பிரெக்ட் ரோத் என்னும் ஜெர்மானியத் தாவர சாஸ்திரி ‘அல்லியம் செர்னுவம்’ என்று நாமகரணம் செய்ததுமான காட்டு வெங்காயம், இன்று அக்கண்டத்துத் தோட்டப் பிரியர்களின் விசேஷ அபிமானத்துக்குப் பாத்திரமாகியிருக்கிறது. ஒடுங்கிய தட்டை இலைகளின் நடுவே ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கு எழும் தண்டு நுனியில் கொக்கிபோல் வளைந்துவிட, இளஞ்சிவப்புப் புஷ்பங்கள் கொத்தாகத் தரையை நோக்கித் தொங்குகின்றன; ஆயினும், மகரந்தச் சேர்க்கை முடிந்து காய் பற்றியதும், ஒவ்வொரு காம்பும் மெல்ல நிமிர்ந்து, விதைப்பையை வானத்தை நோக்கி ஏந்தி நிற்கும் விந்தையைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

தேனீக்கள் விரும்பி மொய்க்கும். மானும் முயலும் அதன் நெடிக்கு அஞ்சிப் பெரும்பாலும் அண்டுவதில்லை. விதை முளைக்கக் குளிர்காலத்தின் ஈரக் குளிர்ச்சி அவசியமாதலால், இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுவது உத்தமம். பொறுமையற்றவர்கள் பழைய குத்தைப் பிரித்துக் கிழங்குகளை நடலாம். இலையும் கிழங்கும் உண்ணத்தக்கவையே. ஆனால் காட்டில் தோண்டி எடுப்பவர்கள் முதலில் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும்: பூக்காத பருவத்தில் ஏறக்குறைய இதே தோற்றமுள்ள ‘டெத் காமாஸ்’ என்னும் செடி கொடிய விஷமுடையது; அதில் வெங்காய வாசனை இராது.