கடவுளுக்கே சொல்லப்படும் துக்கச் செய்தி: அண்ணாமலையாரும் ஆப்பிரிக்கப் பச்சோந்தியும்!

தை 5-ம் தேதி மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? தென்பெண்ணை ஆற்றில் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுவட்டார ஊர்களின் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வர, திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரும் தீர்த்தவாரிக்கு வந்துவிடுவார். ஆற்றுத் திருவிழா என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு பொங்கல்.

இதே அண்ணாமலையாருக்குத் தைப்பூசத்தன்று திருவண்ணாமலை ஈசான்ய குளத்தில் இன்னொரு தீர்த்தவாரி உண்டு. அது முடிந்ததும் ஒரு செய்தி வருகிறது: வல்லாள மகாராஜா போரில் இறந்துவிட்டார். அவ்வளவுதான், மேளதாளம் நின்றுவிடும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்குப் போய், மகன் ஸ்தானத்தில் இருந்து ராஜாவுக்குத் திதி கொடுப்பார்.

கடவுள் எப்படி மகன் ஆனார்? அருணாசல புராணம் சொல்லும் கதை இது. பிள்ளை இல்லாத வல்லாளனை, அடியார் வேடத்தில் வந்து சோதித்தார் சிவன். இளைய ராணி சல்லமாதேவியின் கை பட்டதும் குழந்தையாக மாறி, அடுத்த கணமே மறைந்தும் போனார். 'உன் இறுதிக் கடனை நானே செய்வேன்' என்ற வாக்கு மட்டும் மிஞ்சியது.

மரணமும் செய்தியும் சேர்ந்து வரும் கதை ஆப்பிரிக்காவிலும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஹென்றி கலாவே என்ற பாதிரியார் தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் கேட்டு எழுதிவைத்தார். 'மனிதர்கள் சாக வேண்டாம்' என்று சொல்லிவரப் பச்சோந்தியை அனுப்புகிறார் கடவுள். அது வழியில் பழம் தின்று தாமதிக்கிறது. பின்னால் அனுப்பப்பட்ட பல்லி, 'மனிதர்கள் சாகட்டும்' என்ற செய்தியோடு முந்திக்கொள்கிறது. பச்சோந்தி வந்து சேர்ந்தபோது, 'பல்லி சொன்னதை ஏற்றுக்கொண்டாயிற்று' என்றார்களாம் மக்கள். (ராமருக்கு இளநீர் தந்த அணிலைக் கொஞ்சிவிட்டு, ஓணானைக் கல்லால் அடிக்கும் நம்மூர்ப் பையன்கள் நினைவுக்கு வருகிறார்களா?)

ஜூலு கதை கேட்பது, சாவு ஏன் வந்தது என்று. நம் கதைக்கு அந்தக் கவலையே இல்லை. செத்தபின் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் கவலை. அங்கே செய்தி மனிதனுக்கு வருகிறது, இங்கே கடவுளுக்குப் போகிறது.

இனி வரலாற்றைப் பார்ப்போம். ஹொய்சாள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டவர். 1340-களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 80 வயதில், சமயபுரம் அருகே கண்ணனூரில் மதுரை சுல்தானுடன் நடந்த போரில் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரது தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டதைத் தானே பார்த்ததாக எழுதுகிறார் பயணி இபின் பதூதா. இதில் இன்னொரு விஷயம், வல்லாளருக்குப் பிள்ளை இருந்தார். விருபாட்சன் என்ற அந்த மகன் அப்பாவுக்குப் பின் சில காலம் ஆட்சியும் செய்தார்.

அப்படியானால் புராணம் பொய்யா? அந்தக் கேள்வியே இங்கு தேவையில்லை என்று தோன்றுகிறது. சுவரில் தொங்கிய உடம்புக்கு யார் முறைப்படி கொள்ளி வைத்திருக்க முடியும்? அந்தக் குறையைத்தான் திருவண்ணாமலை தன் சாமியை அனுப்பி ஆண்டுதோறும் தீர்த்துவைக்கிறது.

'கொள்ளி போட ஆண் பிள்ளை வேண்டும்' என்பதற்கு இந்தக் கதையையே ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கென்னவோ கதை நேர்மாறாகத்தான் படுகிறது. ரத்த உறவே இல்லாத ஒருவர் திதி கொடுத்து, ஓர் ஊரே கூடி நின்று அதை ஏற்றுக்கொள்கிறதே!

தைப்பூசத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள், கோயிலில் வல்லாள கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மேளம் நிற்பதற்கு முன்பே ஈசான்ய குளத்துக்குப் போய்விடுங்கள்.