ஆறும் வழியும்: மோட்டார் புகாத சைக்கிள் பாதைகள் பற்றிச் சில செய்திகள்

தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கு ஓடும் நீர் என்றும் பொருள் உண்டு, நடக்கும் வழி என்றும் பொருள் உண்டு. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துவது என்று பள்ளிக்கூடத்திலேயே நாம் எல்லாரும் படித்ததுதான். இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். யஷ்வந்த்பூர் மண்டியில் அரிசி மூட்டையோடு காலம் கழித்த எனக்குத் தெரிவது ஒன்றுதான். நீர் எந்தச் சரிவில் நிதானமாகப் போகிறதோ, அந்தச் சரிவில் பாரவண்டியும் நிதானமாகப் போகும். சைக்கிள் மிதிப்பவனுக்கு இதைவிடப் பெரிய உண்மை வேறில்லை.

என் மகன் வேலை நிமித்தமாகச் சில வருஷம் பிரான்சில் தூலூஸ் நகரில் இருந்தான். விமானத் தொழிற்சாலை ஊர் அது. நம் பெங்களூர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே போய்வருகிறார்கள். 2016-இல் நான் போயிருந்தபோது வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு 'கனால் து மிதி' என்னும் கால்வாயின் கரையோடு கிழக்கே போனேன். ஊரைத் தாண்டி நொரூஸ் என்னும் இடம் வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தத் தூரத்தில் மொத்தமாக ஏறவேண்டிய உயரம் சுமார் 57 மீட்டர்தான். கார் கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கோதுமை வயல். அறுபது வயதை நெருங்கியவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இதில் என் கால்களுக்குப் பெருமை ஒன்றுமில்லை, கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருபதடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டுமென்றால், ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 136 வாட் சக்தி வேண்டும். நூறடிக்கு ஓரடி ஏறும் பாதையில் அதே வேகத்துக்கு 27 வாட் போதும். சாதாரண மனிதன் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடியது எழுபது எண்பது வாட். ஆக முதல் மேட்டில் பத்து நிமிஷத்தில் இறங்கித் தள்ளவேண்டி வரும், இரண்டாவதில் பேசிக்கொண்டே போகலாம். ரயில் பாதை சமவெளியில் பெரும்பாலும் நூறுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக ஏறுவதில்லை. கால்வாயோ அதைவிடவும் சமம். இன்ஜினுக்காகவும் தண்ணீருக்காகவும் சர்வே செய்து வைத்த சரிவு, காலால் மிதிப்பவனுக்கு இலவசமாகக் கிடைத்த சொத்து.

அந்தக் கால்வாயை வெட்டிய பியேர்-பால் ரிக்கே ஓர் இன்ஜினியர் அல்லர், உப்பு வரி வசூல் குத்தகைக்காரர். கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவர் என்று சொல்லலாம். 1666-இல் அரசாணை பெற்று, சொந்தப் பணத்தையும் கொட்டி, கறுப்பு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, 240 கிலோமீட்டர் வெட்டினார். 1680-இல் அவர் கண்ணை மூடினார், அடுத்த வருஷம் கால்வாய் திறக்கப்பட்டது. படகைக் குதிரை கட்டி இழுத்த காலம் அது. குதிரை நடக்கத்தான் கரையில் பாதை போட்டார்கள். படகுக்கு மோட்டார் வந்தபின் குதிரைக்கு வேலை போயிற்று, பாதை மட்டும் மிஞ்சியது. 1996-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக்கியது. கரையிலுள்ள பிளேன் மரங்களுக்கு 2006-இல் ஒரு பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், நிழல் முன்போல் இல்லை என்று அங்குள்ளவர்கள் வருத்தப்படுகிறார்கள்.

ரயில் பாதைக் கதையும் இதே மாதிரிதான். பஸ்ஸும் லாரியும் வந்தபின் மூடப்பட்ட கிளைப் பாதைகள் பிரான்சில் ஏராளம். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்த மேட்டின்மேல் தார் போட்டு, பர்கண்டி வட்டாரத்தில் ழிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 1997-இல் ஒரு வழி திறந்தார்கள். 'வுவா வெர்த்' என்பார்கள், நாம் பசுமை வழி எனலாம். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் சில சிற்றுண்டிக் கடையாயின, சில சைக்கிள் வாடகைக் கடையாயின. லுவார் நதியை ஒட்டிய வழி சுமார் 900 கிலோமீட்டர் நீளம். அது முழுவதும் மூடிய வழி அல்ல, இடையிடையே வண்டி குறைந்த கிராமத்துச் சாலைகளும் கலந்து வரும்.

ஆனால் தாரும் பெயர்ப்பலகையும் முக்கியமல்ல. 2004-இல் அந்த நாட்டுச் சாலை விதிகளிலேயே ஒரு வரி சேர்த்தார்கள். பசுமை வழி என்பது நடப்பவருக்கும், குதிரையில் போகிறவருக்கும், மோட்டார் இல்லாத வண்டிக்கும் மட்டுமே உரியது என்பது அதன் சாரம். பாதை யாருடையது என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. நம் ஊரில் விட்டுப்போனது அந்த ஒரு வரிதான் என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூரில் முயற்சி இல்லாமல் இல்லை. கப்பன் பூங்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளுக்கு மூடப்பட்டு, குழந்தைகள் சைக்கிள் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். 2013 அக்டோபரில் சைக்கிள் தினம் என்று ஒன்று தொடங்கி, பேட்டை பேட்டையாக ஒரு தெருவை அரை நாள் மூடிப்பார்த்தார்கள். 2020-இல் வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டுத் தனித் தடம் பிரித்தார்கள். பிறகு மெட்ரோ வேலை வந்தது, கம்பங்கள் போயின. இவையெல்லாம் நல்ல காரியங்களே. என்றாலும் அரை நாள் மூடுவது வேறு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொடர்ச்சியாகப் போவது வேறு. தூரம் போக ஆசைப்படும் நம் பிள்ளைகள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, நந்தி மலைக்கு ஏர்போர்ட் நெடுஞ்சாலையில் லாரிகளோடு லாரியாக மிதிக்கிறார்கள். ஏரிக்கரைக்குப் போகலாமே என்றால், எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியில் வாட்ச்மேன் 'சைக்கிள் ஒளகே பிடல்லா சார்' என்று கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார். நடக்கிற பெரியவர்களுக்கு இடைஞ்சலாம். அதிலும் நியாயம் இருக்கிறது.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். எங்கள் சமண முனிவர்களுக்கு வண்டி ஏற விதியில்லை. ஒரு நுகத்தடி நீளம் முன்னால் தரையைப் பார்த்து, எறும்பையும் மிதிக்காமல் நடக்கவேண்டும் என்பது அவர்களுடைய ஈரியா சமிதி. ஆறு வழிச் சாலையின் ஓரத்தில் தரையைப் பார்த்து நடக்கிறவர் நிலைமையை யோசியுங்கள். ஆகவே இந்தப் பேச்சு சைக்கிள் பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே கால்வாய் இருக்கிறது. கண்ணம்பாடி அணையிலிருந்து இடது கரையில் புறப்பட்டு, ஹூலிகெரே குகை வழியே மலையைத் துளைத்துக்கொண்டு பாண்டவபுரம், மண்டியா வயல்களுக்குப் போகும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய், உள்ளூர்க்காரர் வாயில் வி.சி. நாலே. கரை நெடுகக் கரும்பும் நெல்லும். பார்த்தால் தூலூஸ் நினைவு வரும். ஆனால் 2018 நவம்பர் 24 அன்று கனகனமரடி கிராமத்தருகே ஒரு பஸ் இந்தக் கால்வாயில் கவிழ்ந்து 30 பேர் மாண்டார்கள். பலர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். அதற்குப் பின்னும் கார்கள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் தடுப்புச் சுவர் கட்டுங்கள் என்று கேட்கிறோம். சுவர் அவசியந்தான். ஆனால் கரை என்பது முதலில் மதகைப் பார்க்கப் போகும் ஆளுக்காகப் போட்ட வழி. அதில் பஸ் ஏன் ஓடுகிறது? கிராமத்துக்கு வேறு நல்ல ரோடு இல்லை, அதனால் ஓடுகிறது. அந்த ரோட்டைத் தள்ளி வயலுக்கு அப்பால் போட்டுக் கொடுத்துவிட்டுக் கரையைக் காலுக்கும் சைக்கிளுக்கும் விட்டால், பஸ் விழும் பயமும் போகும்.

தமிழ்நாட்டிலும் இதற்குத் தோதான இடம் உண்டு. கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் நகரத்தின் ஊடே போய், பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கும் கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர். மேட்டூர் அணையோடு திட்டமிட்டு 1934-இல் பயனுக்கு வந்தது. மனிதன் வெட்டிய கால்வாயாக இருந்தும் தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்றே சொல்கிறார்கள், கவனியுங்கள். கரை சில இடத்தில் தார், சில இடத்தில் மண், சில இடத்தில் கருவேல முள். சீரமைப்பு வேலை வந்தபோது அடியில் சிமெண்ட் போடலாமா கூடாதா என்று விவசாயிகள் போராடினார்கள், அது அவர்கள் கிணற்று நீர்ப் பிரச்சினை. கரையில் யார் போவது என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாக என் காதில் விழவில்லை.

மூடிய ரயில் பாதைக்கு உதாரணம் மயிலாடுதுறை–தரங்கம்பாடி. செம்பனார்கோயில், ஆக்கூர், பொறையாறு என்று கடற்கரைக்குப் போன முப்பது கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, 1926-இல் திறந்து 1986-இல் நிறுத்தப்பட்டது. ரயில் திரும்ப வரவேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். வந்தால் நல்லது, சைக்கிளுக்காக ரயிலை வேண்டாமென்பவன் அல்ல நான். ஆனால் சும்மா கிடக்கும் நிலம் சும்மா கிடக்காது. முதலில் வைக்கோல் போர், அப்புறம் கொட்டகை, அப்புறம் பட்டா. அமெரிக்காவில் 1983-இல் ஒரு சட்டம் செய்தார்கள்: ரயில் நின்ற தடத்தை நடைவழியாக வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தினம் நாலு பேர் சைக்கிளில் போய்வரும் இடத்தில் வேலி போட ஆள் யோசிப்பான். நிலத்துக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது.

நண்பர்கள் கேட்பது, டிராக்டரையும் மாட்டுவண்டியையும் என்ன செய்வாய் என்று. பிரான்சில் பல பாதைகளின் வாயிலில் பூட்டு வைத்த ஒரு தடுப்புக் கம்பி, பக்கத்தில் சைக்கிள் நுழையும் சந்து. வயல்காரருக்கு அனுமதி உண்டு. நம் பக்கம் மண்டியாவில் நீருகண்டி, தஞ்சையில் நீர்க்கட்டி என்று மதகு திறக்கிற ஆள் ஏற்கெனவே இருக்கிறார். சாவி அவரிடம் இருந்தால் அறுவடைக்கு டிராக்டர் போகும், மற்ற நாளில் போகாது. சந்தை விட்டு வரும் மோட்டார் சைக்கிளைத்தான் தடுப்பது கஷ்டம். சந்து அகலம் குறைந்தால் தள்ளுவண்டிக்காரரும் சக்கர நாற்காலியில் வருபவரும் தவித்துப் போவார்கள், ஆகவே அளவைக் கிராமத்திலேயே உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும்.

போய்ப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். மழை ஓய்ந்து கால்வாயில் இன்னும் தண்ணீர் இருக்கும் ஜனவரி முதல் மூன்று வாரம் புது ஆற்றுக்கரைக்குச் சரியான காலம். கல்லணையில் காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மாலைக்குள் தஞ்சாவூர். கருவேல முள் அதிகம் என்பதால் பஞ்சர் சாமானும் ஒரு ட்யூபும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கியர் வண்டி தேவையே இல்லை.